சத்தத்தைச் சுருக்கிய அக்கா

அக்காவோடு நான் போட்ட முதல் சண்டை ஒரு மழைக்காக.

யங்கோன் நகரத்தில், தாமுவே பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான கதைகளையும் பாட்டுகளையும் அசையும் படங்களாகச் செய்து, கைபேசியில் திறந்து பார்க்கும்படி இணையத்தில் போடுவது எங்கள் வேலை. பெரும்பாலும் பர்மியப் பாடங்கள். தமிழ்ச் சங்கம் ஒன்று செலவை ஏற்றுக்கொண்டதால் அதே பாடங்களைத் தமிழிலும் செய்தோம். படம் வரைந்து அசைய வைப்பது நான். குரலைப் பதிவு செய்து, இசை சேர்த்து, எல்லாச் சத்தத்தையும் சுருக்கிக் கொடுப்பது அக்கா. ஒரு பாடத்தின் மொத்த எடை, அதாவது அந்தக் கோப்பு எத்தனை கேபி (கிலோபைட்) என்பது, இதற்கு மேல் போகக் கூடாது என்று சயா ஓர் எல்லை வைத்திருந்தார். சயா என்று நாங்கள் கூப்பிட்டது எங்கள் முதலாளியை. பர்மாக்காரர், நல்ல மனிதர், முடிவு சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் கழிப்பறைக்குப் போய்விடுவார். அதனால் அந்த எல்லைக்குள் என் படத்துக்கு எவ்வளவு, அக்காவின் சத்தத்துக்கு எவ்வளவு என்பதை நாங்கள் இருவரும்தான் அடித்துக்கொண்டு தீர்க்க வேண்டும்.

நான் ஒரு தவளைக் கதைக்கு மழை வரைந்திருந்தேன். தகரக் கூரையில் விழுந்து தெறிக்கிற மழை. அதற்கென்று தேடிப்பிடித்து, தூரத்து இடியோடு, இடது காதிலும் வலது காதிலும் தனித்தனியாகப் பெய்கிற ஒரு முழு நிமிஷ மழையை அக்காவிடம் கொடுத்தேன். திரும்பி வந்தது இரண்டே விநாடி. இடி இல்லை. இடது வலது இல்லை. அந்த இரண்டு விநாடியையே திரும்பத் திரும்ப ஓட விட்டிருந்தார்.

“இது மழையா? யாரோ வடை சுடுறாங்க” என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினார். “எங்க ஒட்டு இருக்குன்னு சொல்லு, தங்கச்சி.”

நானும் விடாமல் கேட்டேன். ஒட்டுத் தெரியவில்லை. தனியாக ஒரு சொட்டு பலமாக விழுந்தால், அதே சொட்டுத்தான் மறுபடி வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடுமாம். அதனால் எந்தச் சொட்டும் தலை தூக்காத இரண்டு விநாடியைத் தேடி எடுத்திருக்கிறார். தேடுவதற்கே அரைநாள் ஆகியிருக்கும். அவ்வளவு வேலை பார்த்தது என் மழையைக் கொல்லத்தான் என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“இடி எங்கக்கா?”

“இடி இல்லாமலும் புரியுது” என்றார்.

இதுதான் அக்கா. இது இல்லாமலும் புரிகிறதா? புரிகிறது என்றால் அது வேண்டாம். அவர் வாழ்ந்ததே இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் என்று பிறகு எனக்குத் தெரிந்தது.

அவருக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அதை நான் எழுதப்போவதில்லை. அவருடைய ஒரே மகன் எங்கே இருக்கிறான் என்று இதை எழுதும் இந்த நாள்வரை தகவல் இல்லை. எங்காவது இருக்கிறான் என்றால், அவன் அம்மாவின் பெயர் ஓர் இடத்திலும் எழுதப்படாமல் இருப்பதுதான் அவனுக்கு நல்லது.

குள்ளமான உருவம். லொங்கியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டியிருப்பார். பர்மியப் பெண்களைப் போலக் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசுவார், ஆனால் அவசரத்தில் ஒரு கன்னத்தோடு நிறுத்திவிடுவார். ஹெட்போனின் பஞ்சு பிய்ந்து போனதால் பழைய லொங்கித் துணியைச் சுற்றித் தைத்திருந்தார். பேச்சு ரொம்பச் சிக்கனம். மகன் போன் செய்தால் ஹலோ கிடையாது. “சாப்டியா? சரி.” வைத்துவிடுவார். சாப்பிடுவதுகூட நின்றுகொண்டேதான். ஒருநாள் சும்மா இருக்காமல், “உங்க கல்யாணக் கதையைச் சொல்லுங்கக்கா” என்று வாயைக் கிளறினேன். “பாத்தோம். கட்டிக்கிட்டோம். போயிட்டாரு” என்றார். போனது என்றால் எங்கே என்று நான் முழித்தேன். சுவரில் மாலை போட்ட படத்தை அவர் வீட்டில் பார்த்தபிறகுதான் எனக்குப் புரிந்தது.

அக்காவை இப்படி ஆக்கியது த்வாண்டே என்று சயா சொல்வார். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் நடந்தது. செய்து முடித்த முதல் பாடத்தைப் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இருவரும் ஆற்றைக் கடந்து த்வாண்டேக்குப் போயிருக்கிறார்கள். பானை செய்கிற ஒரு வீடு. சின்னப் பெண் ஒருத்தி கையிலிருந்த களிமண்ணைத் துடைத்துவிட்டு, அப்பாவின் போனை வாங்கிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். திரையில் வட்டம் சுற்றியிருக்கிறது. சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. கடைசியில் படம் வந்தது. வாத்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, சத்தத்தைக் காணோம். சத்தம் பின்னால் எங்கோ வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் போனைக் காதில் வைத்துப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள். தான்தான் அதைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்து முகம் வெளிறிப்போய், அப்பா பார்ப்பதற்குள் போனை மாடத்தில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

இந்தக் கதையை மட்டும் அக்கா நீளமாகச் சொல்வார். சொல்லி முடித்து, “நம்ம சத்தம் கனமா இருந்துச்சு, அதனால ஒரு புள்ள பயந்துருச்சு” என்பார். அதற்குப் பிறகு அவர் கையில் கிடைத்த எந்தச் சத்தமும் தப்பவில்லை.

சோதனைக்கென்றே முதுகு உடைந்த ஒரு போன் வைத்திருந்தார். அதைவிட மட்டமான போன் யங்கோனில் கிடைக்காது என்று பெருமையாகச் சொல்வார். பாடம் முடிந்ததும் அந்தப் போனை எடுத்துக்கொண்டு போட்டாதாங் படகுத்துறைக்குப் போய்விடுவார். எறும்புக் கதை முடிந்த அன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். படகு மோட்டார்கள், மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம், அவித்த சோளம் விற்கிறவளின் கூவல், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு குட்டி பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து என் எறும்பைப் பேச விட்டார்.

“கேக்குதா?”

“பேசுறது கேக்குது. பின்னாடி நான் கேட்ட டிரம் எங்கக்கா?”

“கீழ்ச்சத்தத்தை எல்லாம் படகு தின்னுருது, பாத்தியா? மேல்சத்தம் இந்தப் போனுக்கு வாய்லயே வராது. பேச்சு நடுவுல இருக்கு. நடுவை மட்டும் அனுப்பினாப் போதும்.”

“ஹெட்போன் போட்டுக் கேக்கறவங்களுக்கு?”

“அவங்களுக்கு வேற நெறைய இருக்கு” என்றார்.

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். திரும்பி வரும் பஸ்ஸில் தாமுவே வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டுதான் வந்தேன். அக்கா சொன்னது எப்போதும் சரியாக இருந்ததும் இல்லை. ஒருமுறை யானையைச் சுருக்குகிறேன் என்று அடிச்சத்தத்தை எல்லாம் வழித்து எடுத்துவிட்டார். யானை பிளிறினால் எங்கள் தெருவின் ஜெனரேட்டர் கிளம்புகிற மாதிரி இருந்தது. பாடம் இணையத்தில் ஏறி வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்கே உறைத்தது. இது என்ன சத்தம் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. இந்த ஊரில் எந்தக் கதையின் பின்னாலும் ஒரு ஜெனரேட்டர் ஓடத்தானே செய்யும். அன்றைக்கு அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல்தான் சிரித்தார்.

குரல் பதிவு செய்கிற இடம் ஒரு துணி அலமாரி. கம்பளிகளைத் தொங்கவிட்டு உள்ளே ஒரு மைக் வைத்திருந்தோம். மின்சாரம் இருந்தால் மின்விசிறிச் சத்தம், போனால் ஜெனரேட்டர் சத்தம். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற அமைதியில் பேசி முடிக்க வேண்டும். பாதி வசனத்தில் “மீ லா பீ!” என்று தெருப்பிள்ளைகள் எல்லாம் கரண்ட் வந்த சந்தோஷத்தில் கத்துவார்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம்.

எங்கள் அலுவலகத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. பாடம் இணையத்தில் ஏறியதும், சுருக்காத மூலப் பதிவை அழித்துவிடுவோம். வேறு ஊர்களில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். மூலத்தைத்தான் பத்திரமாக வைக்க வேண்டும், சுருக்கியது எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. எங்களிடம் இருந்ததோ மின்வெட்டில் அடிபட்டு அடிபட்டு முனகுகிற ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். வேலையை வீட்டுக்கு எடுத்துப்போனால் வழியில் சிப்பாய்கள் நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்வார்கள், மடிக்கணினியையும் திறக்கச் சொல்வார்கள். என்ன குரல், யார் பேசுவது, எதற்கு என்று கேள்வி வரும். தேவைக்கு மேல் எதையும் கூட வைத்துக்கொள்ளாமல் இருப்பது எங்கள் எல்லோருக்கும் கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. அக்கா அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார். “வச்சிருந்தா, இன்னும் கொஞ்சம் சேத்துக் குடுத்தா என்னன்னு ஆசை வரும்” என்பார். ஒரே தடவை, அளவாகப் பிழிவார். பிழிந்ததும் சக்கையைத் தூக்கிப் போடுகிற மாதிரி மூலத்தை அழிப்பார். சுருக்கியதை எடுத்து மறுபடி சுருக்குவது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. அது சத்தத்தைக் கரியாக்கிவிடும் என்பார்.

கன்றுக்குட்டிக் கதை வந்தபோது எங்களுக்குத் தமிழில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர் வெளிநாடு போயிருந்தார். அக்கா தன் மகனையே அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். இருபது வயசு தாண்டிய பையன், நல்ல உயரம். இன்வெர்ட்டர் பேட்டரியை நாலு மாடி தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, மூச்சு வாங்காமல் என்னைக் கிண்டல் செய்கிறவன். அவனுக்கு வாயில் வருவது பர்மியம். தமிழ் புரியும், வீட்டில் பேசுவான், எழுத்து தெரியாது. அதனால் கன்றுக்குட்டியின் வசனங்களைப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு படித்தான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்க ஆசைப்படுகிற கன்றுக்குட்டி. “அம்மா, நான் அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டு வரவா?” என்பது அதன் முதல் வசனம். தன் தமிழ் தனக்கே கூச்சமாக இருந்ததால் ஒவ்வொரு வசனத்தையும் முடித்த கையோடு சிரித்துவிடுவான். தொண்டையில் தொடங்கி மூக்கில் போய் முடிகிற சிரிப்பு. கதவுக்கு வெளியே நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா உதட்டில் விரல் வைத்துக்கொண்டு நின்றார்.

சுருக்கி முடித்தபோது சிரிப்பு ஒன்றுகூட இல்லை. மூச்சு இல்லை. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் அவன் தயங்கிய இடங்கள் இல்லை. குட்டி என்று தோன்ற வேண்டும் என்பதற்காகக் குரலையே மேலே ஏற்றியிருந்தார். பையன் ஹெட்போனை மாட்டிக் கேட்டான்.

“அம்மா, இதுல நான் எங்க இருக்கேன்?”

“நீ சொன்னது எல்லாம் இருக்குல்ல” என்றார் அக்கா.

அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். “எங்கம்மா என்னை எத்தனை கேபிக்கு வித்துட்டாங்க, கேளுங்கக்கா.” அந்தப் பாடம் ஏறிய அன்றே மூலம் அழிந்தது. வழக்கப்படி அழிந்தது. அன்றைக்கு யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

பிறகு, பதினெட்டு வயசு தாண்டிய பையன்களை ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற சட்டம் வந்தது. எங்கள் கட்டடத்தில் இளைஞர்கள் இருந்த வீடுகளில் எல்லாம் ஒரே வாரத்தில் பேச்சுச் சத்தம் குறைந்துவிட்டது. சிலர் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். சிலர் பையனைச் சொந்தக்காரர் வீட்டில் ஒளித்துவைத்தார்கள். அக்காவிடம் தள்ளிப்போடுகிற பழக்கம் இல்லை. தாய்லாந்து எல்லைப் பக்கம் போகிறவர்களோடு அவனை அனுப்பிவைத்தார். பஸ் ஏற்றிவிட்டு நேரே வேலைக்கு வந்தார். “அனுப்பியாச்சு” என்றார். நான் கட்டிப்பிடிக்கப் போனேன். “வாத்துப் பாட்டு இன்னிக்கு ஏத்தணும்” என்று நகர்ந்துகொண்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இந்த மனுஷிக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்றுகூட நினைத்தேன்.

வழியிலிருந்து அவன் குரல் செய்தி அனுப்பினான். முதல் செய்தி நீளமாக இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கோழி வைத்திருந்தார், அது இவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது என்று என்னவோ சொல்லிச் சிரித்திருந்தான். அக்கா எனக்கும் போட்டுக் காட்டினார். பிறகு அழித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, எல்லோரும் அப்படித்தான் செய்தோம். போனை வாங்கிப் பார்த்தால் அதில் ஓடிப்போனவனின் குரல் இருக்கக் கூடாது. அவன் போனிலும் எதுவும் தங்கக் கூடாது. அக்கா அவனுக்குப் பதில் அனுப்பினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“நீளமாப் பேசாத. நல்லா இருக்கேன்னு சொல்லு. அது போதும்.”

அம்மா சொன்னதை அவன் கேட்டான். அடுத்த செய்தி, “நல்லா இருக்கேன்.” அதற்கடுத்ததும் அதே. கடைசியாக வந்தது, “நாளைக்குக் கடந்துருவோம். நல்லா இருக்கேன்.” அக்கா கேட்டார், தலையை ஆட்டினார், அழித்தார்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தீபாவளி போனது. பர்மியப் புத்தாண்டான திஞ்ஜான் வந்து தெருவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள், அதுவும் போனது. எல்லைப் பக்கமிருந்து திரும்பி வருகிற ஒவ்வொருவரையும் அக்கா தேடிப்போய்ப் பார்த்தார். கடந்துபோன பையன்கள் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள், போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்று ஒருத்தர் சொன்னார். அந்தக் கூட்டத்தை வழியிலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று இன்னொருத்தர் சொன்னார். எல்லை ஆற்றில் தண்ணீர் அன்றைக்கு அதிகம் என்று ஒருத்தர் சொல்லத் தொடங்கிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஒருநாள் காலையில் என் மேஜைப் பக்கம் வந்து நின்றார்.

“தங்கச்சி, கன்னுக்குட்டி மூலம் உங்கிட்ட எங்கயாவது இருக்கா?”

இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் நான் தேடினேன். என் மடிக்கணினி, செத்துப்போன பழைய டிஸ்க், படம் பொருத்திப் பார்ப்பதற்காக எப்போதோ வாங்கிய நகல்கள், எல்லாவற்றையும் புரட்டினேன். அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். படத்துக்குப் பொருத்த எனக்குக் கொடுத்ததுகூடச் சுருக்கியதுதான். அவர் எப்போதும் முடித்துத்தானே கொடுப்பார். “இல்லக்கா” என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார்.

மகனின் குரல் என்று உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தப் பாடத்தில் இருந்த கன்றுக்குட்டி மட்டும்தான். அதை எடுத்துவைத்துக்கொண்டு அக்கா வேலை செய்ய ஆரம்பித்தார். ஏற்றிய குரலைக் கீழே இறக்கினார். இறக்கியது கன்றுக்குட்டியாகவும் இல்லை, அவனாகவும் இல்லை. வாயில் துணியை வைத்துக்கொண்டு யாரோ பேசுவது மாதிரி இருந்தது. வார்த்தைகளுக்கு நடுவில் இடம் விட்டுப் பார்த்தார். வெறும் இடம்தான் வந்தது. அந்த இடத்தில் அவன் என்ன செய்தான், எச்சில் விழுங்கினானா, தாளைத் திருப்பினானா என்று இப்போது யாருக்குத் தெரியும்?

கெட்டுப்போன ஒலியைச் சரியாக்கித் தருகிற மென்பொருள் ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்று நான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தேன். இல்லாமல் போன சத்தத்தையெல்லாம் அதுவே கற்பனை செய்து நிரப்பிக் கொடுக்கும். மின்சாரம் இருந்த ஒரு மதியத்தில் போட்டுப் பார்த்தோம். பளிச்சென்று ஒரு குரல் வந்தது. தெளிவான, இளமையான ஆண் குரல். எனக்குச் சந்தோஷத்தில் மயிர்க்கூச்செறிந்தது. அக்கா ஒரே ஒரு தடவை கேட்டார்.

“இது வேற யாரோ. நல்லாப் பேசுறான்” என்றார். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். “அந்தப் பழைய ஃபைலையாவது வச்சுக் கேட்டுட்டே இருங்கக்கா” என்றேன்.

“கேட்டுக் கேட்டு அதுல இப்ப அவன் கேக்கல, தங்கச்சி. எங்க எங்க வெட்டினேனோ, அந்த எடந்தான் கேக்குது.”

அன்றைக்கும் அவர் அழவில்லை.

இதற்கு நடுவில்தான் சங்கத்திலிருந்து ஒரு பெரியவர் நாலு மாடி ஏறி வந்தார். கோயில் பிரசாதம் கொண்டுவந்திருந்தார். எல்லோரையும் விசாரித்தார். பிரசாதத்தைச் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு மெல்ல ஆரம்பித்தார்.

“அந்தக் கன்னுக்குட்டிப் பாடம். அதுல குரல் யாருதுன்னு கேள்வி வருது. வட்டார அலுவலகத்துல இருந்து இந்த அம்மா வீட்டுக்கு வந்து பையன் எங்கன்னு கேட்டாங்களாமே. அந்தக் குரல் நம்ம சங்கத்துப் பேர்ல இருக்கறது யாருக்கும் நல்லதில்ல. மாத்திருங்க.”

“அதுல பேருகூடப் போடலய்யா” என்றேன் நான். “மனுசக் குரல் மாதிரியே இருக்காது. கன்னுக்குட்டி. ஒரு கன்னுக்குட்டிக்கா பயப்படுறீங்க?”

“பயந்தான்மா” என்றார் பெரியவர். அவர் குரலில் வெட்கம் இருந்தது. “எனக்கு ரெண்டு பேரன் இருக்கானுங்க.”

சயா எழுந்து கழிப்பறைப் பக்கம் போனார். நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை, தமிழிலும் பர்மியத்திலும் கலந்து கத்தினேன். அக்கா எல்லாம் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாத்திரலாம்” என்றார்.

கீழே தேநீர்க்கடை வைத்திருந்தவளுக்கு ஒரு மகன். பள்ளிக்கூடம் போகிற வயசு, போகாமல் கடையில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தான். அப்பா பர்மாக்காரர், அம்மா தமிழ். அவனை அலமாரிக்குள் நிறுத்தினோம். குரல் உடைகிற பருவம், ஒரு வார்த்தை மேலே போகும், அடுத்தது கீழே விழும். வசனத்துக்கு நடுவில் மூக்கை உறிஞ்சினான். “நான் அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டு வரவா” என்று சொல்லிவிட்டு, “சரியா சொன்னேனா?” என்று கதவைத் திறந்து கேட்டான். “சரியாச் சொன்ன. இன்னொரு தடவை சொல்லு” என்றார் அக்கா. தேவையே இல்லாமல் நிறையத் தடவை சொல்லவைத்தார்.

மறுநாள் அவர் முடித்துக் கொடுத்த பாடத்தைத் திறந்து இரண்டு தடவை ஓட விட்டேன். எதையும் வெட்டவில்லை. மூச்சு இருந்தது. மூக்கு உறிஞ்சல் இருந்தது. அந்தத் தயக்கங்கள், “சரியா சொன்னேனா” என்கிற கேள்வி, எல்லாமே இருந்தன. குரலை ஏற்றவும் இல்லை. கன்றுக்குட்டி, தேநீர்க்கடைப் பையனாகவே பேசியது. எடை எல்லையைத் தாண்டி எங்கோ போயிருந்தது.

“அக்கா, இது ஏறாது.”

“தெரியும்.” என் பக்கம் திரும்பி, “உன் படத்துல கொறச்சுக் குடுப்பியா?” என்று கேட்டார்.

அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு கேபிகூட அதிகமாகக் கேட்டதில்லை. நான் ஆற்றின் அலையை எடுத்தேன். புல்லை எடுத்தேன். மேகம், மரம், கரையில் நின்ற படகு, எல்லாம் போயின. கடைசியில் வெள்ளைத் திரையில் ஒரு கன்றுக்குட்டி மட்டும் நின்று பேசியது. என் கையால் நான் செய்ததிலேயே மோசமான படம் அதுதான். அதைப் பற்றி எனக்குத் துளி வருத்தமும் இல்லை. அக்கா புதிய பாடத்தை ஏற்றினார். பழையதைத் தன் கையாலேயே எடுத்தார். அழிக்கவா என்று திரை கேட்டது, ஆம் என்று அழுத்தினார்.

அதன் பிறகு, எங்கள் அலுவலக வழக்கத்துக்கு விரோதமாக ஒரு காரியம் செய்தார். பையனின் மூலப் பதிவை, சுருக்காமல் அப்படியே, ஒரு சின்ன மெமரி கார்டில் ஏற்றினார். என்னைக் கூட்டிக்கொண்டு கீழே கடைக்குப் போனார். தேநீர்க்கடைக்காரி கறுத்த கெண்டியிலிருந்து கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பையன் பின்னால் யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். அக்கா அவள் கையைப் பிடித்து அந்தக் கார்டை உள்ளங்கையில் வைத்தார்.

“உன் பையன் பேசினது. முழுசா இருக்கு. அழிச்சிராத. எங்கயாவது பத்திரமா வச்சுக்க.”

அவள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இது எதுக்குக்கா எனக்கு? இவன் எங்க போகப் போறான்? விடிஞ்சா அடைஞ்சா இங்கதானே கத்திக்கிட்டுக் கெடக்கான்.”

சொல்லிக்கொண்டே கார்டை அக்காவிடம் திருப்பி நீட்டினாள். அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. அம்மா கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் பையன் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தான். மேலுதட்டில் மீசை அரும்பத் தொடங்கியிருந்தது.